மூன்று சகலைகள் அடுப்பு வைத்த கதை

மஞ்சுப்பாறையில் வெயில் வந்தால் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து பார்ப்பார்கள். அவ்வளவு குளிர். அந்த மலையூரின் உச்சியில், தகரக் கூரை போட்ட பழைய எஸ்டேட் வீட்டில், மூன்று அக்கா தங்கைகளைக் கட்டிய மூன்று சகலைகள் ஒன்றாகக் குடியிருந்தார்கள். மூத்தவர் மாசிலாமணி யோசிப்பார். இரண்டாமவர் குப்புலிங்கம் ஆமாம் என்பார். இளையவன் வடமலை ஏணியில் ஏறுவான்.

வடமலைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிரசவம் கீழே மாமனார் ஊரில். மழையில் பாதை சரிந்து கிடந்ததால் அவன் இன்னும் பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை. பாதை சரியானதும் மூத்தவரின் மனைவி அஞ்சுகம் போன் செய்தாள்.

"நாளைக்குப் பிள்ளையோட ஏறி வர்றோம். வீடு கதகதன்னு இருக்கணும். குளிர் அடிச்சுது, வாசலோட திரும்பிப் போயிடுவோம், சொல்லிட்டேன்."

அன்றைக்கே மூவரும் பட்டறைக்காரர் சவரிராயனிடம் ஓடி, ஒரு இரும்பு விறகடுப்பும் அதற்குக் குழாயும் வாங்கினார்கள். சவரிராயனுக்குக் காலில் சுளுக்கு, மலையேற முடியாது.

"காதுல நல்லா வாங்கிக்குங்க," என்றார் அவர். "அடுப்பைச் சுவத்தை விட்டுத் தள்ளி வைக்கணும். குழாயைப் புகைபோக்கியில சொருகி, ஒரு ஓட்டை இல்லாம களிமண் பூசணும். கூரைக்கு மேல மூணு அடி கட்டாயம் இருக்கணும். இல்லேன்னா புகை பூரா வீட்டுக்குள்ளதான்."

"சொன்னபடி செய்யறோம்," என்றார் மாசிலாமணி. அப்படியே செய்தார்கள். அதுதான் வினை.

அடுப்பைக் கூடத்தில் இறக்கியதும் மாசிலாமணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"தள்ளி வைக்கச் சொன்னாரே. பஞ்சாயத்து கூடாம ஒருத்தரைத் தள்ளி வைக்க முடியுமா?"

"முறையில்லை," என்றார் குப்புலிங்கம்.

ஜமுக்காளம் விரித்துப் பஞ்சாயத்துக் கூடியது.

"குத்தம் என்னண்ணே?" என்று கேட்டான் வடமலை.

"புகை விடறது."

"இன்னும் விடலியே."

"விடாமயா இருக்கப் போவுது? முழியைப் பாரு."

வடமலை பார்த்தான். அடுப்பு வாயைத் திறந்துகொண்டு நின்றது. ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தீர்ப்பாகிவிட்டது. இன்றுமுதல் சுவரை விட்டு இந்த அடுப்பு தள்ளிவைக்கப்படுகிறது; யாரும் அதற்குத் தண்ணீர், நெருப்பு கொடுக்கக் கூடாது.

வடமலை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "நெருப்பு குடுக்கலேன்னா எப்படிண்ணே எரியும்? பிள்ளைக்குக் குளிருமே."

கடைசியில் மாசிலாமணி மனமிரங்கினார். மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். அடுப்புக்குக் குனிய வராது என்பதால், அதன் சார்பில் வடமலை சபையின் காலில் விழுந்து எழுந்தான். நல்லவேளை, இத்தனை கூத்துக்கும் அடுப்பு சுவரை விட்டுச் சரியான தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

அடுத்து ஓட்டை. குழாயைச் சொருகிச் சுற்றிலும் களிமண்ணை அப்பினார்கள். குப்புலிங்கம் தடவித் தடவிப் பார்த்து, ஊசி போகிற இடத்தைக்கூட விடவில்லை. பிறகு வடமலை கூரைமேல் ஏறிப் புகைபோக்கியை எட்டிப் பார்த்தவன் அலறினான்.

"அண்ணே! உச்சியில இம்மாம் பெரிய ஓட்டை!"

"அடப்பாவி! நான் நினைச்சேன்," என்றார் மாசிலாமணி கீழேயிருந்து. "இந்த வீட்டை நம்ம தலையில கட்டிட்டுப் போன எஸ்டேட்காரனைச் சொல்லணும். ஒரு பலகைக்கல்லை வெச்சு மூடு."

கல்லை வைத்துக் களிமண் பூசி, வடமலை கையைக் கழுவுவதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"கூரைக்கு மேல மூணு அடி இருக்கணும்னாரே, யாருக்கு அடி?"

"கூரைக்கு மேல யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான்," என்றார் குப்புலிங்கம், உலக்கையோடு ஏணியில் ஏறிக்கொண்டே.

வடமலை புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு முதுகைக் காட்டினான். பிள்ளைக்காக எவ்வளவோ செய்கிறார்கள், இது என்ன பெரிசு என்று நினைத்துக்கொண்டான். முதல் அடியில் அந்த நினைப்பு போய்விட்டது. இரண்டாவதைக் குப்புலிங்கம் பாவம் பார்த்து லேசாகப் போட்டார். "அது கணக்குல சேராது," என்று கீழேயிருந்து குரல் வந்ததால், அதைத் திரும்பவும் போட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்தார்கள். பச்சை விறகு. குழாய் வழியே மேலே போன புகை கல்லில் முட்டி, போன வேகத்தில் திரும்பி வந்தது. மூவரும் இருமிக்கொண்டே வாசலில் வந்து விழுந்தார்கள்.

"எல்லாம் சொன்னபடிதானே செஞ்சோம்?" என்றார் குப்புலிங்கம், கண்ணைக் கசக்கியபடி.

"அந்த உச்சி ஓட்டையைத் திறந்து பார்ப்போமாண்ணே?" என்றான் வடமலை.

மாசிலாமணி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஓட்டை இருக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. உனக்குப் பிள்ளை பிறந்தும் புத்தி வரலியே! புகை எங்கே போகப் பார்க்குது?"

"மேல."

"மேல எது தடுக்குது?"

வடமலை அண்ணாந்து பார்த்தான். அட, உண்மைதான்! வீடு முழுக்கக் கூரை.

வேலை மும்முரமாக நடந்தது. வடமலை முதுகு வலியையும் மறந்து தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே தள்ளினான். கடைசித் தகரம் விழுந்ததும் புகை மொத்தமும் மேலே எழும்பிப் போயிற்று. "பார்த்தியா!" என்றார் மாசிலாமணி. மூவருக்கும் கண்ணில் நீர், பாதி சந்தோஷத்தில்.

சாயங்காலம் ஜீப் வந்தது. அஞ்சுகம் பிள்ளையை வடமலையின் கையில் கொடுத்தாள். சின்ன மூக்கு, மூடிய முஷ்டி. அவன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடுப்பின் அருகே கொண்டுபோய் உட்கார்ந்தான். பின்னாலேயே வந்த பெண்கள் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார்கள். ஒரு மேகம் சாவகாசமாக இறங்கி, அலமாரியைத் தாண்டி, அடுப்படிப் பக்கம் போயிற்று.

பிள்ளையின் கன்னத்தில் ஒரு பனித்துளி விழுந்தது. அது சிணுங்கியது.

வடமலை பதறி எழுந்தான். குளிர் எங்கிருந்து வருகிறது என்று நாலு மூலையும் தேடினான். கடைசியில் கண்டுபிடித்துவிட்டான். பெண்கள் வந்த அவசரத்தில் வாசல் கதவைச் சாத்தவே இல்லை.

ஓடிப்போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து தெரிந்தது. தன் துண்டைச் சுருட்டி அதையும் அடைத்தான்.

"இப்ப வரச் சொல்லுங்கண்ணே குளிரை," என்றான்.