ஹாரன் அடிக்காத கார்

கோயம்புத்தூரில் கார் பிரியர்கள் ஞாயிறுதோறும் ஒரு டீக்கடையில் கூடுவார்கள். சங்கத் தலைவர் தெய்வசிகாமணி வாயைத் திறந்தால் மற்றவர்களின் டீ ஆறிப்போகும்.

பழைய சின்னக் காரில் புதிதாக வந்த கோகிலவாணிக்கு, எல்லோர் முன்னாலும் அவர் ஓர் எல் போர்டைக் கொடுத்தார். "உங்களுக்கு இதுதாங்க பொருத்தம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தீபாவளிக் கூட்டத்துல ஹாரனே அடிக்காம ஒப்பணக்கார வீதியைத் தாண்டுங்க. அப்பத்தான் உறுப்பினர்."

"ஆகட்டுங்க. பின்னாடியே நீங்களும் அதே மாதிரி வரோணும்."

"நான் கண்ணை மூடிட்டு வருவேன்."

கோகிலவாணி அந்த எல் போர்டைக் காரின் முன்னால் கட்டினாள். பார்த்ததுமே ஆட்டோக்கள் ஒதுங்கின, பைக்குகள் பறந்தன, பஸ்கூட நின்று வழிவிட்டது. அவள் சாவகாசமாக வீதியைத் தாண்டிவிட்டாள்.

தலைவரின் பெரிய காரை யாரும் மதிக்கவில்லை. அது பாதி வீதியில் மாட்டிக்கொண்டது. ஹாரனில் கை வைக்கவும் வழியில்லை, சங்கமே நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கோகிலவாணி போர்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"கட்டட்டுங்களா?"

தெய்வசிகாமணி கூலிங் கிளாஸை எடுத்து மாட்டிக்கொண்டார். யார் பக்கமும் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினார்.