நேற்றைய இலை

பாலைக்கோட்டை மல்லப்ப ராயருக்கு நானூறு ஆடுகள் இருந்தன. பிறகு முந்நூற்று எண்பத்தெட்டு ஆயின. நடுவில் வந்தவர் அரண்மனை வைத்தியர் மாணிக்கபூஷணம்.

ஆடுகளுக்கு வயிற்றில் புழு. தின்றதெல்லாம் புழுவுக்குப் போக, ஆடுகள் தாடை வீங்கித் தள்ளாடின. வைத்தியர் தாமிர பஸ்பத்தைத் தேனில் குழைத்து ஊட்டினார். பன்னிரண்டு ஆடுகள் விழுந்தன. எழவில்லை.

"புழு செத்ததா?" என்று கேட்டார் ராயர்.

"சந்தேகமே வேண்டாம் பிரபு. அடியோடு செத்தது. ஆடுகள்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டன."

அரண்மனை ஆடுகளை மேய்க்கும் சங்கையாக் கோனார் கும்பிட்டபடி முன்னால் வந்தார்.

"மகாராசா, வேப்பங்கொழுந்து, குப்பைமேனி, பிரண்டை, பூசணி விதை. நாலையும் அரைச்சு உருண்டை புடிச்சுக் குடுப்போம். அதைத் தின்னு எங்க ஆடு எதுவும் செத்ததில்ல."

"தழையா?" வைத்தியர் மூக்கைச் சுளித்தார். "தழையிலேயே புழு போகும் என்றால் நான் எதற்கு இருக்கிறேன்?"

அந்தக் கேள்விக்குச் சபையில் பலருக்கு விடை தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.

ராயர் தீர்ப்புச் சொன்னார். "கோனாரே, ஒரு மாதம் தருகிறேன். அதன் பிறகு ஒரே ஒரு புழு கண்ணில் பட்டாலும் உமக்குக் கழுமரம்."

சபையில் வெண்காடர் என்று ஒருவர் இருந்தார். ராயரைச் சிரிக்க வைப்பது அவருக்கு வேலை. வயது ஐம்பத்து மூன்று. தைரியம் இருப்பதால் சிரிக்க வைக்கிறோமா, இல்லாததால் சிரிக்க வைக்கிறோமா என்று அவருக்கே தெரியாது. அன்று சாயங்காலம் ஆட்டுக்கிடைக்குப் போனார்.

"என்ன கோனாரே, உருண்டை வேலை செய்கிறதா?"

"செய்யுது சாமி. புழு வெளிய வருது. வந்த புழு சும்மாவா இருக்கு? புழுக்கையில முட்டை வச்சிட்டுப் போகுது. அது பொரிஞ்சு புல்லுல ஏறிக்கிது. அந்தப் புல்லையே ஆடு திரும்பத் தின்னுது."

"வேறு வயலுக்கு ஓட்டிப் போக வேண்டியதுதானே?"

கோனார் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஊர்ல கிடை போட்டா ரெண்டு ராத்திரிக்கு ஒரு வயல்னு மாத்திக்கிட்டே போவோம். இது மகாராசா கரும்பு நடப்போற நிலம். எரு முழுக்க இங்கதான் விழணும், ஒரு புழுக்கைகூட வெளிய போகக்கூடாதுன்னு உத்தரவு. ஆறு மாசமா மேய்ச்சலும் இங்கதான், படுக்கையும் இங்கதான். தப்பு மகாராசாமேலன்னு யாரு போய்ச் சொல்றது? நீங்க சொல்றீங்களா?"

வெண்காடர் எழுந்து அரண்மனைக் கொல்லைப்புறம் போனார்.

மறுநாள் மதியம் ராயர் சாப்பிட உட்கார்ந்தார். ஆவி பறக்கும் சோறு வந்தது. ஆனால் இலை சுருண்டு கிடந்தது. ஓரத்தில் காய்ந்த ரசம். மூலையில் யாரோ மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. அதன்மேல் ஓர் ஈ.

"யாருடைய எச்சில் இலை இது?" ராயர் கத்திய கத்தலில் பரிசாரகன் கரண்டியைப் போட்டுவிட்டான்.

"தங்களுடையதுதான் பிரபு, நேற்றையது" என்றார் வெண்காடர். "சோறு புதுசு. நெய் புதுசு. இலை மட்டும்தான் பழசு."

"உமக்குத் தலை வேண்டாமா?"

"வேண்டும் பிரபு. ஒரே நாள் இலைக்குத் தலை போகுமென்றால், தங்கள் ஆடுகள் ஆறு மாதமாக ஒரே இலையில் சாப்பிடுகின்றனவே, அதற்கு யார் தலை போகும்?"

ராயர் ஈயைப் பார்த்தார். வெண்காடரைப் பார்த்தார். கரும்பை நினைத்துக்கொண்டார். இலையைத் தள்ளிவிட்டு, "கிடையை மாற்றச் சொல்லும்" என்றார். "ஆனால் கழுமரம் கழுமரம்தான்."

கிடை ஊர் வயல்களில் நகர்ந்தது. உருண்டை தொடர்ந்தது. இரத்தம் ஊறி, வெளுத்திருந்த கண்ணிமைகள் சிவந்தன. ஆடுகள் முட்டிக்கொண்டு விளையாடின. வைத்தியருக்குத்தான் தூக்கம் போயிற்று.

மாதம் முடிந்த அன்று மதியச் சாப்பாடு முடிந்து சபை கூடியது. ராயர் வெற்றிலை மென்றபடி அமர்ந்திருந்தார். வைத்தியர் ஒரு வெள்ளித் தட்டோடு வந்தார். தட்டில் ஒரு புழுக்கை. புழுக்கையில் நூல் போல ஒரு புழு.

"பிரபு! இதோ!"

கோனாரின் முகம் செத்துப்போயிற்று. வெண்காடர் எழுந்து தட்டைக் குனிந்து பார்த்தார்.

"மயிரிழைதான் இருக்கிறது. எப்படி ஐயா கண்டுபிடித்தீர்?"

"சும்மாவா? முப்பது நாள்! ஒரு நாள் தவறாமல் புழுக்கையை என் கையாலேயே நசுக்கி நசுக்கிப் பார்த்தேன். வேலையாளை நம்பவில்லை."

"அடடா. எந்த நேரத்தில்?"

"காலை முழுக்கக் கிடையில்தான். உச்சி வெயிலில் அங்கிருந்து நேராக அரண்மனைக்கு ஓடி வருவேன்."

"நடுவில் கை கழுவ நேரம் இருந்திருக்காதே?"

"எங்கே இருந்தது!" என்றார் வைத்தியர் பெருமையாக.

"வந்ததும் முதல் வேலை?"

"பிரபுவுக்கு வெற்றிலை மடித்துக் கொடு..."

ராயரின் தாடை பாதி மெல்லலில் நின்றது. அவர் மெதுவாக எழுந்து தூண் ஓரமாகப் போனார். நெடுநேரம் துப்பினார். திரும்பி வந்தபோது மூன்று வேளை பட்டினி கிடந்தவர் போல இருந்தார். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"கோனாரே."

"மகாராசா."

"அந்த உருண்டை... மனிதர்களுக்கு ஆகுமா?"

"எங்க வீட்டுல எல்லாரும் தின்போம் மகாராசா. ஆனா அன்னன்னைக்கு அரைச்சாத்தான் பலன். மூணு நாள் விடாம குடுக்கணும்."

"அரைத்துக் கொடும்."

கோனார் தட்டில் இருந்த புழுவைப் பார்த்தார். ராயரைப் பார்த்தார். பணிவாகக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"குடுக்கலாம் மகாராசா. கழுவுல ஏறி உக்காந்துக்கிட்டு அம்மியில அரைக்கத்தான் வசதிப்படாது."