உத்தரவு கேட்ட பாவாயி

மலையில் இரும்புக்கல் சுமக்கும் பாவாயி, கோயில் சுவரில் காவிப்பட்டை அடிக்க உத்தரவு கேட்டு ஜமீன்தார் முன் நின்றாள். அவர் அவள் கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னார்:

"உங்களுக்கெல்லாம் காவி ஒரு கேடா? இந்தக் கறுப்புக் கல்லிலிருந்து சிவப்பை எடு, உத்தரவு தர்றேன். முடியாட்டி இனி மலையேறக் கூடாது."

சபையே சிரித்தது.

"நீங்களே எடுத்துட்டீங்களே, எசமான்," என்றாள் பாவாயி.

குனிந்து பார்த்தார். கல்லை உருட்டிய வேர்வைக் கையைத் துடைத்த இடத்தில், வெள்ளை வேட்டி செக்கச்செவேலென்று இருந்தது.

உத்தரவு கிடைத்தது. கல்லை அம்மியில் நீர்விட்டு உரசி, சுவர் முழுக்கப் பட்டை அடித்தார்கள். நன்றி சொல்ல வந்த ஊராரைப் பாவாயி தடுத்தாள்.

"சோறு போட்ட மலைதான் சாயமும் குடுத்துச்சு, அதைக் கும்பிடுங்க. எசமான் வேட்டிக்கும் ஒரு கும்பிடு போடுங்க."