ஜெகவீரன் மாட்டவிடாத டயர்

ஓசூரில் ஒரு டயர் கடையில் டயர் மாட்டும் வேலை பார்த்தவள் சௌடம்மா. ஒருநாள் காலை ஆறு பெரிய பயண பைக்குகள் கடை முன் வந்து நின்றன. மறுநாள் லடாக் புறப்படும் குழு அது. தலைவர் ஜெகவீரன், தானே தேர்ந்தெடுத்து, புதுசு என்று சொல்லி மற்ற ஐந்து பேருக்கும் விற்ற டயர்களை இறக்கிவைத்து, "ம், சீக்கிரம் மாட்டு" என்றார்.

சௌடம்மா ஒரு டயரைத் தடவினாள். தரையைப் பிடிக்கும் பட்டன் வரிகள் ஆழமாகத்தான் இருந்தன. ஆனால் ரப்பர் விறைத்துக் கிடந்தது. தயாரித்த வருடம் இருக்க வேண்டிய இடத்தை யாரோ தேய்த்து அழித்திருந்தார்கள்.

"சார், இது பழைய டயர் மாதிரி தெரியுது."

"பழசா? எந்த வருஷம், சொல்லு! சொல்லலேன்னா இன்னைக்கே உன் வேலை போயிடும்."

அழிந்த எண்ணை எப்படிப் படிப்பது? கடை முதலாளியும் அவளை முறைத்தார். சௌடம்மா பணிவாகத் தலையாட்டினாள்.

"நீங்க சொன்னா புதுசுதான் சார். எல்லாம் ஒரே மாடல் வண்டி. முன்னாடி போற உங்க வண்டிக்கே இதை மாட்டிடறேன். உங்க வண்டியில இப்ப இருக்கறதை இந்தப் பொண்ணு வண்டிக்குப் போட்டுடறேன்" என்று, குழுவில் இருந்த ஷாஹிதாவைக் காட்டினாள்.

சௌடம்மா ஸ்பேனரோடு அவர் வண்டியருகே குனிந்ததும் ஜெகவீரன் பாய்ந்து வந்து மறித்தார். "என் வண்டியைத் தொடாதே! மலையில வெடிச்சா என்னாவது?"

ஷாஹிதா ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"எங்களுக்கு மட்டும் வெடிக்காதா சார்?"

மறுநாள் ஐந்து பைக்குகள், சௌடம்மா தேர்ந்தெடுத்துக் கொடுத்த டயர்களோடு லடாக் கிளம்பின. முன்னால் ஷாஹிதா போனாள்.