சவுக்கு பூத்த மாதம்

கடற்கரையோரம், சவுக்குத் தோப்பை ஒட்டி ஓர் ஆசிரமம் இருந்தது. ஆசிரமம் என்றதும் தாடியும் காவியும் கண்முன் வந்தால் அவற்றை ஓரமாக வைத்துவிடலாம். அதை நடத்தியவர் பூரணி அம்மாள். நாற்பத்திரண்டு வயது. பருத்திப் புடவை, மூக்குக் கண்ணாடி, அளந்த பேச்சு. இருபத்திரண்டு பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்தார்கள்.

பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டவர் ஏகாம்பரம். குருவைவிடப் பதினேழு வயது மூத்த சீடர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஞானம் வேண்டும் என்று வந்து சேர்ந்தவர். பிரம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். பிரம்பு பிடித்த கையை விட்டுவிட்டு வர முடியவில்லை. பூரணி அம்மாள்கூட அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் குருவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"ஒரு பிள்ளை இனிமேல் திருந்தாதுன்னு எந்த இடத்தில் முடிவு கட்டலாம்?"

"எந்தப் பிள்ளை?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுப் பிள்ளைன்னு நம்மகிட்ட யாரும் இல்லையே. பேரைச் சொல்லுங்க."

"நித்திலா."

எட்டு வயதுப் பெண். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. ஆனி மாதம் வந்து சேர்ந்தபோது பாடிக்கொண்டே திரிந்த பிள்ளை.

ஏகாம்பரம் நோட்டைப் பிரித்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்.

"தை கடைசியில் ஆரம்பிச்சது. கூப்பிட்டா திரும்பறதில்லை. கணக்குப் போடச் சொன்னா அழுகை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டா. போன வாரம் பக்கத்தில் படுத்த பிள்ளையை அடிச்சா. முந்தாநாள் இன்னொருத்தியைக் கடிச்சிட்டா, அம்மா. பல் பதிஞ்சிருக்கு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நம்ம வழக்கம்தான். தோப்பு மௌனம்."

அந்த ஆசிரமத்தில் யாரும் பிள்ளைகளை அடிப்பதில்லை. தப்புச் செய்தால் சவுக்குத் தோப்புக்குள் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வேண்டும். காற்று வாங்கினால் மனம் அடங்கும் என்பது ஏற்பாடு. மற்ற பிள்ளைகளுக்கு அது அரைத் தண்டனை, அரை விடுமுறை.

"அடங்கினாளா?"

"உட்கார உட்கார மோசமாகுது. முதல்ல ஒரு மணி நேரம். அப்புறம் இரண்டு. இப்ப தினம் காலையிலும் சாயங்காலமும். நேத்து தோப்பிலிருந்து வந்ததும் நேரா வந்து என் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழிச்சா. ஒண்ணு, கொழுப்பு. இல்லைன்னா பிறவிக் குணம்."

"ரெண்டே ரெண்டுதானா?"

"அழைச்சிட்டுப் போக வேண்டியிருக்கும்னு அவங்க அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். இன்னிக்கு நாலு மணிக்கு வர்றார். கூட்டிட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துடலாம்னு இருக்கேன். நீங்க உத்தரவு கொடுக்கணும்."

"வீட்டுக்குப் போனா படிப்பு?"

ஏகாம்பரம் நோட்டை மூடினார். "அம்மாவோட இறால் கொட்டகைக்குப் போவா. வேற வழி இல்லை. எனக்கும் சந்தோஷம் இல்லம்மா. மத்த இருபத்தோரு பிள்ளைங்களை நான் பாக்கணுமே."

பூரணி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சரி. எழுதுங்க. ஆனா அடுக்களையில் உட்கார்ந்து எழுதுங்க. ஜன்னலைச் சாத்திக்குங்க."

"அடுக்களையிலா? அங்க எதுக்கு?"

"உங்க பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னா எதுக்குன்னு கேக்கறது உண்டா சார்?"

"கிடையாது."

"அப்ப போங்க."

அடுக்களையில் பவுனம்மா சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோ. ஜன்னலைச் சாத்தியவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஞானம் தேடி வந்தவர்கள் என்னென்னவோ செய்வார்கள், நமக்கென்ன என்று தன் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டாள்.

ஏகாம்பரம் மணையைப் போட்டு உட்கார்ந்தார். 'அன்புடையீர்' என்று எழுதினார்.

முதல் தும்மல் வந்தது. பிறகு ஏழு, எட்டு. கண் கரித்தது. தொண்டைக்குள் யாரோ துடைப்பம் வைத்துப் பெருக்கினார்கள். 'தங்கள் மகள் நித்திலா' என்ற இடத்தில் எழுத்து வழுக்கிக்கொண்டு போனது.

"சார், உங்க ஊர்ல புளிச்சாதத்துக்கு எள்ளு போடுவாங்களா?" என்றாள் பவுனம்மா.

அவர் திரும்பவில்லை. காது அடைத்துக்கொண்டிருந்தது.

"உங்களைத்தான் சார். எள்ளு."

'ஒழுக்கம்' என்ற சொல்லில் பாதியை எழுதியிருந்தார். மீதிப் பாதி நினைவுக்கு வரவில்லை. ஐம்பத்தொன்பது வயதில், முதுகலைத் தமிழ் படித்தவருக்கு, வரவில்லை.

"எள்ளா, கடலையா சார்? ஒரு வார்த்தை சொன்னா முத்தா உதிர்ந்துடும்?"

"வாயை மூடு, சனியனே."

சொன்னது அவர்தான். காகிதத்தைக் கசக்கி எறிந்ததும் அவர்தான். அது பவுனம்மாவின் தோளில் பட்டு அடுப்படியில் விழுந்தது.

பவுனம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். கதவைத் திறந்தாள். "வெளிய போங்க சார்," என்றாள். சத்தமே போடவில்லை.

வாசலில் பூரணி அம்மாள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தார். ஏகாம்பரம் முகம் கழுவி, மூக்கைச் சிந்தி, மூச்சு வாங்கி நிமிரும்வரை காத்திருந்தார்.

"முடிஞ்சுதா கடிதம்?"

"இல்லம்மா."

"பவுனம்மா மேல எறிஞ்சீங்களாமே."

ஏகாம்பரம் தலை குனிந்தார். "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. உங்களுக்கே தெரியும்."

"தெரியாதே. கொழுப்பா, பிறவிக் குணமா?"

"மிளகாய்க் கமறல் அம்மா. அதில் உட்கார்ந்தா மனுஷனுக்குப் புத்தி நிக்குமா?"

"எவ்வளவு நேரம் உட்கார்ந்தீங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

ஏகாம்பரம் செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"அந்தப் பிள்ளைக்கு என்னம்மா கமறல்?"

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? எனக்கும் தெரியலை. போய்ப் பாருங்க. நோட்டு வேண்டாம்."

அவர் தோப்புக்குள் போனார். நித்திலா ஒரு சவுக்கு மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காலைத் தண்டனை இன்னும் முடியவில்லை. கடலிலிருந்து காற்று அடித்தது. மரம் உலுக்கிக்கொண்டது.

ஏழு மாதமாக அந்தத் தோப்பின் வழியே நடந்தவர் அன்றைக்குத்தான் மேலே பார்த்தார். ஊசி இலைகளின் நுனியெல்லாம் பழுப்பாகப் பூத்திருந்தது. சவுக்கு பூக்கும் என்றே அவர் யோசித்ததில்லை. ஒவ்வொரு காற்றுக்கும் மஞ்சளாக ஒரு தூள் புகைபோல் இறங்கியது. பிள்ளையின் தலையில், தோளில், மடியில் வைத்த கைகளில் அது படிந்திருந்தது.

அவள் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தள்ளித் தள்ளித் தேய்த்தாள். அந்தப் பழக்கத்தையும் அவர் நோட்டில் எழுதியிருந்தார், 'அநாகரிகம்' என்று.

பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். வாயால் மூச்சு விட்டாள்.

"ராத்திரி தூங்கறியா?"

அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"மௌனம் முடிஞ்சது. பேசு."

"மூக்கு அடைச்சுக்குது சார். முழிப்பு வந்துடுது."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். தூங்காம என்ன பேச்சுன்னீங்க."

அவருக்கு நினைவு வந்தது.

"ஏன் அவளைக் கடிச்சே?"

நித்திலா மணலைக் கிளறினாள். "தலைக்குள்ள ஒரு ஈ இருக்கு சார். அரிச்சுக்கிட்டே இருக்கு. யாராவது பேசினா அதுக்குக் கோபம் வருது. கடிச்சப்புறம்தான் அது அவ கைன்னு தெரிஞ்சுது." பிறகு தானே கேட்டாள்: "அப்பா வந்ததும் போகணுமா? துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டேன்."

அவர் தன் துண்டால் அவள் தலையைத் துடைத்தார். துண்டு மஞ்சளானது.

நாலு மணிக்கு லாரி வந்து நின்றது. நித்திலாவின் அப்பா முருகையன் இறங்கி வந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"சார், பையை எடுத்துக்கட்டுமா? அவ அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"பை இங்கேயே இருக்கட்டும். வண்டியைத் திருப்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்ன சார் ஆச்சு?"

"எனக்கு ஆச்சு. வழியில் சொல்றேன்."

டாக்டர் ஓர் இளம்பெண். மூக்கில் விளக்கடித்துப் பார்த்தாள். காதைப் பார்த்தாள். ஏகாம்பரம் தேதி தேதியாகச் சொன்னதைக் கேட்டாள்.

"பூந்தூள் ஒத்துக்கலை. ஒரு மாசமா இந்தப் பிள்ளை சரியா மூச்சு விடலை, சரியாத் தூங்கலை, காதும் மந்தமா இருக்கு. நீங்க இப்படி ஒரு மாசம் இருந்தா எத்தனை பேரைக் கடிப்பீங்க சார்?"

ஏகாம்பரம் பவுனம்மாவை நினைத்துக்கொண்டார்.

மூக்கில் அடிக்க ஒரு மருந்தும் மாத்திரையும் கிடைத்தன. பூ முடியும்வரை தோப்புப் பக்கம் போகக் கூடாது என்றாள் டாக்டர். தோப்புக்கு மேற்கே இருந்த படுக்கைக் கூடத்தில் கடல்காற்று தூளையெல்லாம் கொண்டுவந்து கொட்டியது. கிழக்கே, கடலைப் பார்த்து இருந்தது பூரணி அம்மாளின் அறை ஒன்றுதான். குரு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு படுக்கைக் கூடத்துக்குப் போனார். நித்திலாவின் பாய் அவர் அறைக்கு வந்தது. துணைக்குப் படுக்க, கையில் பல் பதிந்த அதே பெண் தானாகவே வந்தாள்.

தோப்பு மௌனம் நின்றது. "அதை ஏற்படுத்தினது நான். நானே நிறுத்தறேன்," என்றார் பூரணி அம்மாள். பிள்ளைகள் சிலருக்கு அதில் வருத்தம்தான்.

ஆறாம் நாள் ஏகாம்பரம் பவுனம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். "எள்ளுதான் போடுவோம்," என்றும் சொன்னார். "இதைச் சொல்ல ஆறு நாளா?" என்றாள் அவள்.

எல்லாம் மந்திரம்போல் மாறிவிடவில்லை. மருந்து தொடங்கிய நான்காம் நாள் நித்திலா விடியும்வரை தூங்கினாள். எட்டாம் நாள் கணக்குப் போட்டாள், பாதி தப்பு. பன்னிரண்டாம் நாள் கிணற்றடியில் பாட்டுச் சத்தம் கேட்டது.

பதினைந்தாம் நாள் ஏகாம்பரம் ஒற்றைக் காலில் செருப்போடு குருவின் முன்னால் வந்து நின்றார். பெருவிரல் சிவந்திருந்தது.

"அம்மா, என் செருப்புக்குள்ள நண்டு விட்டிருக்கா. தூணுக்குப் பின்னால நின்னு சிரிச்சதையும் பார்த்தேன்."

"யாரு?"

"நித்திலாதான். மருந்து ஒழுங்காப் போயிட்டிருக்கு. நல்லாத் தூங்கறா. தோப்புப் பக்கமே போகலை. இதுக்கு எந்தப் பூ காரணம்மா?"

பூரணி அம்மாள் அவர் விரலைப் பார்த்தார்.

"எந்தப் பூவும் இல்லை சார். இது நித்திலா."