புகை தெரியாத வீடு

நான்கு நாட்களாகப் பனி ஓயாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலை வானம் சற்று வெளிவாங்கியதும், ரிக்ஸின் மடத்து வாசலில் நின்று எதிரே இருந்த ஊரைப் பார்த்தான். எல்லா வீட்டிலும் புகை எழுந்தது. அவன் அக்கா வீட்டில் மட்டும் இல்லை.

அக்கா டோல்கர் தனியாக இருப்பவள். பனி தொடங்குவதற்கு முந்தின நாள்தான் அவளுக்குக் காய்ச்சல் என்று சேதி வந்திருந்தது.

ஊருக்குப் போக ஒரே வழி, நடுவில் கிடந்த மொட்டைச் சரிவு. ரிக்ஸின் அதன் ஓரம்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினான். மருந்தையும் வறுத்த மாவையும் பையில் திணித்தான்.

அவன் இருபத்தைந்து வருடம் மலையேறுபவர்களுக்குச் சுமை தூக்கியவன். ஐம்பது வயதில்தான் குரு பால்மோவிடம் சீடனாக வந்தான். பால்மோ அவனைவிட இளையவர். இருந்தாலும் 'அம்மா' என்றுதான் அவரைக் கூப்பிடுவான்.

பால்மோ அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.

"சரிவு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"நன்றாக இல்லை அம்மா. அடியில் பழைய பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கிறது. புதுப்பனி அதில் ஒட்டவே இல்லை. கால் வைத்தால் 'உம்' என்று அமுங்குகிறது. விரிசல் ஓடுகிறது."

"சரிந்து இறங்குமா?"

"இறங்கலாம். இறங்காமலும் போகலாம்."

"தெரிந்துமா கிளம்புகிறாய்?"

"அவள் அங்கே அடுப்புப் பற்றவைக்கக்கூட முடியாமல் கிடக்கிறாளோ என்னவோ. போனால் என் உயிர்தானே அம்மா?"

பால்மோ எழுந்தார். பூட்ஸை மாட்டினார். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நீங்கள் எங்கே?"

"உனக்கு முன்னால் நடக்கிறேன். நீ ஐம்பது அடி தள்ளி வா. நான் புதைந்தால் எந்த இடத்தில் தோண்டுவது என்று உனக்குத் தெரியும்."

ரிக்ஸின் கதவை மறித்துக்கொண்டு நின்றான். "கூடாது. நான் விடமாட்டேன்."

"ஏன்? போனால் என் உயிர்தானே?"

ரிக்ஸின் மண்டியிட்டு, அவர் பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகிக்கொண்டது. பால்மோ குனிந்து அவனோடு சேர்ந்து அவிழ்த்தார்.

அன்று முழுவதும் அவன் சன்னலை விட்டு நகரவில்லை. பால்மோவும் நகரவில்லை. உபதேசம் எதுவும் செய்யவில்லை. அவ்வப்போது உப்புத் தேநீரை அவன் கையில் கொடுத்து, அவன் குடிக்கும்வரை கோப்பையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

மறுநாள் நடுப்பகலில் வெயில் ஏறியது. துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். சரிவின் உச்சியில் கோடு கிழித்த மாதிரி பனி அறுபட்டது. அடுத்த கணம் மொத்தச் சரிவும் இறங்கியது. வெண்புகை எழுந்து ஊரையே மறைத்தது. அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"இறங்கவேண்டியது இறங்கிவிட்டது. மிச்சப் பனி இரவுக் குளிரில் இறுகிவிடும். காலையில் போகலாம்" என்றான் ரிக்ஸின்.

விடிந்ததும், ஒருவர் கடந்தபின் ஒருவராக, இருவரும் சரிவைத் தாண்டி ஊருக்குப் போனார்கள்.

டோல்கர் பக்கத்து வீட்டில் இருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. தம்பியைக் கண்டதும் அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"புகைபோக்கியைப் பனி அடைத்துவிட்டதடா. அதனால்தான் இங்கே வந்து படுத்தேன். புகை தெரியவில்லை என்றால் நீ கிளம்பிவிடுவாயே என்று பயந்துகொண்டே இருந்தேன். நேற்று அந்தச் சத்தம் கேட்டபோது..."



இரண்டு நாள் அக்காவுடன் இருந்துவிட்டுத் திரும்பும் வழியில், மடத்து மேட்டில் ஏறிக்கொண்டே ரிக்ஸின் கேட்டான்:

"அம்மா, அன்று நான் மறிக்காமல் இருந்திருந்தால் நிஜமாகவே அந்தச் சரிவில் இறங்கியிருப்பீர்களா?"

பால்மோ நின்று மூச்சு வாங்கினார். அவன் தோளில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

"நீ போகிறேன் என்றதுமே நானும் உன்னோடு இறங்கிவிட்டேன், ரிக்ஸின்."