பழைய கச்சேரிக்கு ஒரு பூட்டு

வேங்கைக்கோட்டை நகரத்தின் தெற்கு மதிலை ஒட்டி ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் நாலு வாழை.

குரு பூங்கோதை அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் தெய்வசிகாமணிக்கு அறுபது தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு நேராகச் சீடரின் காலில் விழுவார்கள். அவர் பதறிப்போய்ப் பின்வாங்குவார்.

"விழுந்தது விழுந்தாச்சு. ஆசீர்வாதம் பண்ணி அனுப்புங்க, இன்ஜினியரே" என்பார் குரு.

இன்ஜினியர் என்பது வெறும் கேலி இல்லை. தெய்வசிகாமணி நகராட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான், எந்தப் பெரிய மனிதர் வந்து நின்றாலும் மாற்ற மாட்டார் என்று பெயர் வாங்கியவர். அந்தப் பெயருக்காகத்தான் நகராட்சி அவரை மறுபடி கூப்பிட்டிருந்தது.

ஊர் நடுவில் பழைய கச்சேரி இருக்கிறது. ராஜா காலத்தில் அது கொலு மண்டபம். வெள்ளைக்காரன் காலத்தில் கோர்ட். அப்புறம் தாலுகா ஆபீஸ். ஆபீஸைப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோன பிறகு பூட்டிக் கிடக்கிறது. அந்த வளாகத்தைப் புதுப்பித்து ஊருக்குப் பயன்படும்படி செய்யத் திட்டம் போட்டுத் தாருங்கள் என்றார்கள்.

தெய்வசிகாமணி ஆசை ஆசையாக வரைந்தார். மண்டபத்தில் அருங்காட்சியகம். முன்னால் புல்வெளி. பின்பக்கம் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு நீரூற்று, ராத்திரியில் வண்ண விளக்கோடு. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மதில். கடைத்தெருவைப் பார்த்து ஒரு பெரிய வாசல், அங்கே டிக்கெட் கவுண்டர். நீரூற்றை மட்டும் நாலு விதமாக வரைந்து, அதில் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார்.

இனி ஒரு வரிதான் பாக்கி. இந்த இடம் இப்போது யாருடைய உபயோகத்திலும் இல்லை என்று எழுதி அவர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை கொடுத்துவிட்டால் இடிப்பதும் கட்டுவதும் தொடங்கிவிடும். அந்த வரியில் வந்து அவருக்குக் கை ஓடவில்லை.

குரு கூடத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். தெய்வசிகாமணி எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு மடலைப் பிரித்தார்.

"கையெழுத்துப் போட என்ன தயக்கம்?" என்றார் குரு.

"தெரியலம்மா. கூட்டம் போட்டுக் கேட்டேன். கடைக்காரங்க கார் நிறுத்த இடம் வேணும்னாங்க. கட்சிக்காரர் சிலை வேணும்னார். சரித்திர வாத்தியார் ஒருத்தர் எதையும் தொடாதீங்கன்னு அழாத குறை. ஆளாளுக்கு ஆசை சொன்னாங்களே தவிர, இப்ப நான் அங்கே போறேன் வர்றேன்னு ஒருத்தரும் சொல்லல."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"எத்தனையோ தடவை. ஒரு ஈ காக்கா கிடையாது."

"அப்புறம் என்ன?"

"அதுதாம்மா உறுத்துது. ஊர் நடுவுல அவ்வளவு பெரிய இடம். யாருக்குமே வேண்டாம்னு எப்படிக் கிடக்கும்? ஒரு இடம் யாருக்கு வேணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

குரு ஒரு பூவிலிருந்து நரம்பை உருவிப் போட்டார்.

"பூட்டிப் பாருங்க" என்றார்.

"அது பூட்டித்தானே கிடக்கு?"

"வாட்ச்மேன் பூட்டுறது கணக்கில்ல. அவருக்கு ரெண்டு நாள் லீவு கொடுங்க. நீங்களே ஒரு பூட்டு வாங்கிப் பூட்டுங்க. வேணுங்கிறவங்க வந்து தட்டுவாங்க இல்ல?"

அட, இது நமக்குத் தோன்றவில்லையே என்று தெய்வசிகாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பினார். கடையிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கி வாசலில் தொங்கவிட்டார். எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஓர் ஆடு வந்தது. கம்பிக்கு நடுவே தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போனது. கல்யாண போஸ்டர் ஒட்டுகிறவர் வந்து கதவில் பசை தடவினார். வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் பூட்டோடு சேர்த்துத் தங்களைப் படம் பிடித்துக்கொண்டார்கள். மத்தியான வெயிலில் ஒருவர் அவசரமாக வந்தார். தெய்வசிகாமணி எழுந்தே விட்டார். வந்தவர் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்று, வந்த காரியத்தை முடித்துக்கொண்டு போனார்.

"என்ன சார், யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமாங்க. யாருக்குன்னுதான் தெரியல" என்றார் தெய்வசிகாமணி.

விளக்கு வைக்கும் நேரத்தில் மடத்துக்கு வந்தார். முகத்தில் பாதி ஏமாற்றம், பாதி நிம்மதி. நிம்மதிக்குக் காரணம் நீரூற்று.

"ஒருத்தரும் தட்டலம்மா. எழுதிடலாம்."

"எழுதலாம். நாளைக்கும் ஒரு நாள் பூட்டிட்டு எழுதுங்க."

"இன்னைக்கு வராதவங்க நாளைக்கு வருவாங்களா?"

"நாளைக்கு நான் பூட்டுறேன்" என்றார் குரு.

சனிக்கிழமை பனி விலகுவதற்குள் இருவரும் கச்சேரி வாசலுக்குப் போனார்கள். தெய்வசிகாமணி பூட்டைத் திறந்தார். குரு கதவைத் தள்ளி, உள்ளே போகச் சொல்லிக் கை காட்டினார். அவர் உள்ளே போனதும் கதவை இழுத்துச் சாத்தினார்.

"அம்மா, நான் உள்ளே இருக்கேன்."

"தெரியுது. சாவியைக் கொடுங்க. போனையும் கொடுங்க."

கம்பி வழியாக இரண்டையும் கொடுத்தார். குரு பூட்டினார். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

தெய்வசிகாமணி மண்டபத்துப் படியில் உட்கார்ந்தார். முன்பக்கம் முழுக்கச் சருகு. எவ்வளவு நேரம்தான் சருகைப் பார்ப்பது? வெயில் ஏற ஏற மண்டபத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. தூக்குவாளி மூடியைத் திறக்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் ரசம் கொதிக்கிற வாசனை வந்தது.

எழுந்து பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு பெரிய குடும்பமே உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. சிலர் துண்டை விரித்துத் தூங்கினார்கள். ஒரு தாத்தா கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். கிளைக்கும் மண்டபத்துத் தூணுக்கும் நடுவே கயிறு கட்டித் துணி காய்ந்தது. கல் அடுப்பில் குண்டான். அந்தக் கயிற்றையும் கரி பிடித்த கல்லையும் அவர் முன்பே பார்த்திருக்கிறார். குப்பை, அகற்ற வேண்டும் என்று குறித்து வைத்ததும் அவர்தான்.

குண்டானைக் கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயது இருக்கும்.

"வாங்க ஐயா, உட்காருங்க. யாரைச் சேர்த்திருக்கீங்க?"

அவருக்குப் புரியவில்லை.

"எந்த வார்டு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பின்மதிலுக்கு அந்தப் பக்கம் பெரியாஸ்பத்திரி. இவர்கள் நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள். நரைத்த தலையும் வாடிய முகமுமாக வந்து நிற்கிற தன்னையும் அப்படி நினைத்துவிட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.

அவள் பெயர் பவுனம்மா. மலையடிவாரத்தில் ஏதோ ஒரு ஊர். புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆண்கள் வார்டில் கிடக்கிறான்.

"நேத்து எங்கேயிருந்தீங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

"இங்கேதான் இருந்தோம்."

"வாசல் பூட்டியிருந்துதே?"

"எந்த வாசல்?"

அவர் மண்டபத்துக்கு அந்தப் பக்கம் கை காட்டினார்.

"அங்கே வாசல் இருக்கா?" என்றாள் பவுனம்மா. "நாங்க இப்படித்தான் வருவோம்."

பின்மதிலில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு உடைப்பு இருந்தது. ஓரமெல்லாம் கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. அந்த உடைப்பும் அவருடைய வரைபடத்தில் உண்டு. அடைக்கப்பட வேண்டியது என்று சிவப்பு மையில்.

"ஆபீசருங்க வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வாட்ச்மேன் அண்ணன் விசில் ஊதுவாரு. துணிமணியைச் சுருட்டிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடுவோம். கார் போனதும் வந்துடுவோம். நல்ல மனுஷன். ரெண்டு நாளா ஆளைக் காணோம், என்ன ஆச்சோ."

தெய்வசிகாமணிக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. எத்தனையோ தடவை பார்த்தேன் என்று குருவிடம் சொன்னாரே, ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேனுக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார்.

அவள் ஒரு டம்ளரில் ரசம் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தார். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார். சரியாக இந்த இடத்தில்தான் நீரூற்று.

"நாளைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க ஐயா" என்றாள் பவுனம்மா. "நீங்க இன்னைக்குத்தானே வந்திருக்கீங்க? இந்த இடத்தை நீங்க எடுத்துக்குங்க. சாயங்காலம்கூட வெயில் வராது. இந்த அடுப்பு, கயிறு எல்லாம் எனக்கு முன்னால இருந்த அக்கா கொடுத்துட்டுப் போனது. அதுக்கு முன்னால யாரோ. நீங்க போறப்ப அடுத்து வர்றவங்களுக்கு விட்டுட்டுப் போங்க. எடுத்துட்டுப் போயிடக் கூடாது, என்ன?"

அவர் தலையாட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்க ஐயா. ஆம்பளைங்க தலையாட்டுறதை நான் நம்புறதில்ல" என்று சிரித்தாள்.

"விட்டுட்டுப் போறேன்மா" என்றார் தெய்வசிகாமணி.

சாயங்காலம் முன்வாசலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரு வரவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டார். கடைத்தெரு இரைச்சலில் அவர் குரல் யார் காதிலும் விழவில்லை. இருட்டத் தொடங்கியதும் பின்பக்கம் போனார். பவுனம்மா கை கொடுக்க, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உடைப்பு வழியாக வெளியே வந்தார்.

மடத்தில் குரு விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தார். சீடரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டையெல்லாம் சுண்ணாம்பு. எங்கே உரசிக்கிட்டீங்க?"

"மதில் உடைப்புலம்மா."

"அதை அடைக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே."

தெய்வசிகாமணி உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் சொன்னார். பவுனம்மா இடத்தைக் கொடுத்ததையும், அடுத்து வருகிறவர்களுக்கு விட்டுட்டுப் போறேன் என்று தான் வாயைத் திறந்து சொன்னதையும் சொன்னார்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உடனே போய்ப் பார்த்திருப்பீங்க. வாட்ச்மேன் விசில் ஊதியிருப்பார்."

தெய்வசிகாமணி தோளிலிருந்த சுண்ணாம்பைத் தட்டப் போனவர், தட்டாமல் கையை எடுத்துக்கொண்டார்.

"அந்த நீரூற்றை நினைச்சா மனசு கேட்க மாட்டேங்குதும்மா. அவ்வளவு அழகா வரைஞ்சேன்."

"அழகாத்தான் இருந்தது" என்றார் குரு.

"அங்கே இருக்கிறவங்க இந்த ஊர்க்காரங்ககூட இல்ல. இன்னைக்கு இருக்கிறவங்க அடுத்த மாசம் இருக்க மாட்டாங்க. கூட்டம் போட்டாலும் வர மாட்டாங்க. யார் பேரைச் சொல்லி இந்த இடம் உபயோகத்துல இருக்குன்னு நான் எழுதுறது? நகராட்சியில கேட்பாங்களே. திங்கட்கிழமை அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

குரு சாவியையும் போனையும் அவர் முன்னால் வைத்தார்.

"பவுனம்மாவுக்கு ஒரு பதில் சொன்னீங்களே" என்றார். "அதையே சொல்லுங்க."